மூணாம் நம்பர் சிஸ்டத்தின் வாயை அடைத்த கதை

1. கையைக் காட்டச் சொன்னார்

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து உற்றுப் பார்த்ததே இல்லை. அன்று வியாழக்கிழமை காலை, காபி டம்ளரை நீட்டினேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவர் பஸ் கண்டக்டர். ஐந்நூறு ரூபாய் நோட்டு நல்லதா என்று பார்க்கிற மாதிரி என் கையை முன்னும் பின்னும் பார்த்தார்.

"இன்னாங்க?"

"அந்தக் கையைக் காட்டு."

காட்டினேன்.

"கால்ல இருக்குதா?"

"இன்னா இருக்குதான்னு கேக்கறீங்க?"

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எத்தினி நாளா இருக்குது சாந்தி? என்கிட்ட ஏன் மறைக்கிற? நான் இன்னா, உன்னைத் துரத்தியா விட்டுடுவேன்?"

விஷயத்தை அவர் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் காபி ஆறிப்போனது. அவரிடம் இருப்பது பட்டன் போன். சாப்பிடும்போது காமெடி பார்க்க என் போனைத்தான் எடுப்பார். இரண்டு நாளாக எந்த வீடியோவைத் திறந்தாலும் முதலில் ஒரு கை வருகிறதாம், கையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. 'வெண்புள்ளியா? இனி கவலை வேண்டாம்' என்று ஒரு குரல்.

"நீ தேடாம அது எப்பிடி வரும்? எங்க டிரைவர் சொன்னாரு, நாம எதைத் தேடறமோ அதுதான் விளம்பரமா வருமாம். அதான் நேத்தே அண்ணாமலையாருக்கு வேண்டிக்கினேன். உனக்குச் சரியாவணும்னு பதினோரு பவுர்ணமி மலை சுத்தறேன்னு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் பார்த்தால் மனுஷனுக்குக் கண் கலங்கியிருக்கிறது. சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. சத்தியமா இல்ல."

"உனக்கு இல்லன்னா யாருக்கு?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே கடையைத் திறக்க ஓடினேன்.

2. ஒரே மெயில் ஐடி

இதைப் படிக்கிறவர்களில் யாராவது நாளைக்குச் சொந்தமாக ஒரு பிரவுசிங் சென்டர் போடலாம். அவர்களுக்காக என் கடை எப்படி ஓடியது என்று சொல்கிறேன். பெருமைக்காக அல்ல. பெருமைப்பட்டதில்தான் வினையே.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில் என் கடை. நாலு சிஸ்டம், ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். வருமானச் சான்று, பட்டா மாறுதல், ஹால் டிக்கெட், ஸ்காலர்ஷிப் என்று காலை பத்து மணிக்குள் கடை நிறைந்துவிடும். கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் சிஸ்டத்தில் நான் உட்காருவேன். கலர் பிரிண்டர் மூணாம் நம்பர் சிஸ்டத்தில் இருக்கிறது. அதனால் அந்த நாற்காலிக்கு எப்போதும் கிராக்கி ஜாஸ்தி.

கடை போட்ட புதிதில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெயில் ஐடி கிடையாது. ஃபார்மில் மெயில் ஐடி கேட்கும். ஆளுக்கு ஒன்று உருவாக்கிக் கொடுக்கப் பொறுமை இல்லாமல், கடைக்கென்று ஒரு ஐடியைப் போட்டு நாலு சிஸ்டத்திலும் அதையே லாகின் செய்து வைத்தேன். யாருக்கு எந்தப் பேப்பர் வந்தாலும் அதற்குத்தான் வரும். வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம் என்று என் போனிலும் அதையே போட்டேன். பிரவுசர் கேட்கிற கேள்விக்கெல்லாம் 'சேவ்', 'அலவ்' என்று தட்டிவிடுவேன். அது எதைக் கேட்கிறது என்று ஒரு நாளும் படித்ததில்லை.

இதில் ஒரு சௌகரியம் இருந்தது. பேர் கட்டத்தில் ஒரு எழுத்து அடித்தால் போதும், பழைய கஸ்டமர்களின் பேர், அப்பா பேர், பிறந்த தேதி, ஊர் எல்லாம் கீழே வரிசையாக விழும். விரலை வைத்தால் ஃபார்ம் நிரம்பிவிடும். "அக்கா கடையில அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சுடும்" என்று ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்களே ஆள் அனுப்புவார்கள். போதாக்குறைக்கு, பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நிற்பவர்களுக்காக எல்லாருடைய பாஸ்வேர்டையும் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஊர் விஷயமெல்லாம் என் மேஜையில் இருக்கிறது என்று எனக்கு ஒரு மிதப்பு.

அன்று போய் உட்கார்ந்ததும் பிரவுசரில் ஹிஸ்டரியைத் திறந்தேன். ஒரே ஐடி என்பதால் நாலு சிஸ்டத்தில் நடந்தது எல்லாம் என் முன்னால் வந்து நின்றது. தேதி, மணி, எந்த சிஸ்டம் என்பது வரைக்கும். செவ்வாய்க்கிழமை மதியம், மூணாம் நம்பர்.

'வெண்புள்ளி பரவுமா.'

'வெண்புள்ளி பிள்ளைகளுக்கு வருமா.'

'வெண்புள்ளி கல்யாணத்துக்கு முன் சொல்ல வேண்டுமா.'

அதற்கு அடுத்த வரியில் லேப் டெக்னீஷியன் தேர்வுக்கான ஹால் டிக்கெட் பக்கம். அதில் பேரும் இருந்தது: தேவகி.

அடி அண்ணாமலையில் இளநீர்க் கடை வைத்திருக்கும் விவசாயி ஒருவரின் மூத்த பெண் தேவகி. டவுனில் ஒரு லேபில் வேலை செய்கிறாள். அவளுடைய நிச்சயதார்த்தப் பத்திரிகையை டைப் அடித்துக் கொடுத்ததே நான்தான். மாப்பிள்ளை முரளியும் எனக்குத் தெரிந்தவன்தான். வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுக்கிற பையன். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அந்த மூன்று வரிகளையும் திரும்பப் படித்தேன். அது தொட்டால் ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை. ஆனால் பெண் பார்க்கிற வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண் எத்தனை நாள் இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாளோ என்று நினைத்தேன். உடனே எல்லாவற்றையும் அழித்திருக்க வேண்டும். அழிக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்து என்ன தேடினாள், எந்த ஆஸ்பத்திரிப் பக்கத்துக்குப் போனாள் என்று கீழே கீழே இறங்கிக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது சுவாரசியமாகத்தான் இருந்தது.

3. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது

"அக்கா, மூணாவது காலியா?"

நிமிர்ந்தால் முரளி. என் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான். பென் டிரைவைச் செருகிப் பிளானை பிரிண்டுக்குக் கொடுத்தான். முதல் பேப்பர் வந்து விழுவதற்குள் ஏதோ மாடிப்படி அளவைப் பார்க்க வேண்டுமென்று பிரவுசரைத் திறந்தான். நான் பின்னாலேயே போய் நின்றேன். என்ன சொல்லி எழுப்புவது என்று தெரியவில்லை.

திறந்த பக்கத்தின் ஓரத்திலேயே அந்தக் கை, அந்த வெள்ளைத் திட்டு.

"இன்னாக்கா, உங்க கடையில இந்த விளம்பரமே ஜாஸ்தியா இருக்குது?" என்று சிரித்தான்.

"அது எல்லாருக்கும் வர்றதுதான் தம்பி."

அவன் தேடுகிற கட்டத்தில் மவுஸை வைத்தான். ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. ஏற்கெனவே தேடியவை எல்லாம் கடிகாரப் படத்தோடு வரிசையாகக் கீழே விழுந்தன. அவன் வாய்விட்டுப் படித்தான்.

"'வெண்புள்ளி பிள்ளைகளுக்கு வருமா'... 'கல்யாணத்துக்கு முன் சொல்ல வேண்டுமா'... ஐயோ, யாரோ பாவம்க்கா."

அதற்கும் கீழே நாலாவதாக ஹால் டிக்கெட் வரி. கட்டிக்கொள்ளப்போகிற பெண் என்ன பரீட்சை எழுதுகிறாள் என்று அவனுக்குத் தெரியாதா? மவுஸ் அந்தப் பக்கமாக இறங்குவதைப் பார்த்தேன்.

யு.பி.எஸ்.ஸிலிருந்து சிஸ்டங்களுக்குப் போகிற சுவிட்சைத் தட்டிவிட்டேன். நாலு சிஸ்டமும் ஒரே நேரத்தில் செத்தன. பிரிண்டர் பாதிப் பேப்பரைக் கவ்விக்கொண்டு நின்றது.

"கரண்ட் போயிடுச்சு தம்பி!"

முரளி மேலே பார்த்தான். அவன் தலைக்கு நேராகக் காற்றாடி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தான். மறுபடியும் காற்றாடியைப் பார்த்தான்.

"சரிக்கா. நாளைக்கு வர்றேன்" என்று பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி சுவிட்சைப் போட்டு அந்த வரிகளை அழித்தேன். ஒரு பெண்ணின் கல்யாணம் என் கடை நாற்காலியில், என் மெயில் ஐடியால் நின்றுபோயிருக்கும்.

4. கவரில் போட்டு ஒட்டித்தான் கொடுப்போம்

இதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

சனிக்கிழமை தேவகி வந்தாள். மூணாம் நம்பரைப் பார்த்து நடந்தவளை லேமினேஷன் மெஷின் பக்கம் கூப்பிட்டேன். ஆறுதல் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"கண்ணு, நீ ஒண்ணும் கவலைப்படாத. எனக்கு எல்லாம் தெரியும். எங்க அக்கா பொண்ணுக்கும் இருந்துது. ரெண்டு பிள்ளைங்க அவளுக்கு, ராஜாத்தி மாதிரி இருக்கறா."

அவள் முகம் சுண்டிப்போனது.

"எது தெரியும்?"

"அதான்... நீ தேடினது. சிஸ்டத்துல பாத்தேன்."

அவள் மெதுவாகத்தான் பேசினாள். கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"வீட்டுல என் போன எல்லாரும் எடுப்பாங்க. தம்பி கேம் ஆடுவான். அப்பா சீரியல் பாப்பாரு. அதுல தேடினா தெரிஞ்சுடும்னுதான் காசு குடுத்து உங்க கடைக்கு வந்தேன். நான் கம்ப்யூட்டரத் தேடி வந்தேன்க்கா. உங்களத் தேடி வரல."

"நல்லதுக்குத்தாம்மா சொன்னேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"எங்க லேப்ல தினமும் ரிப்போர்ட் குடுக்கறேன். யாருக்கு இன்னா வியாதின்னு எனக்குத் தெரியும். ஆனா கவர்ல போட்டு ஒட்டித்தான் குடுப்போம். பஸ் ஸ்டாண்டுல அவங்களைப் பாத்தா, 'உங்க சுகர் எப்பிடி இருக்குது'ன்னு கேக்க மாட்டேன். அது அவங்க சமாச்சாரம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவருகிட்ட நான் சொல்லத்தான் போறேன். எப்பிடிச் சொல்றதுன்னுதான் தேடிக்கினு இருந்தேன். சொல்றது நானா இருக்கணும்க்கா. உங்க கம்ப்யூட்டர் சொல்லக் கூடாது. நீங்களும் சொல்லக் கூடாது."

அவள் படியிறங்கிப் போய்விட்டாள். என்னை ஒருவர்கூட அப்படிப் பேசியதில்லை. கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இரண்டு நாளாக அந்த விளம்பரக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன், பின்னாலேயே வந்து மோப்பம் பிடிக்கிறான் என்று. அவன் பார்த்த வேலையைத்தான் நானும் பார்த்திருக்கிறேன். அவனாவது யாரையும் மெஷின் பக்கம் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லவில்லை.

5. ஞாயிற்றுக்கிழமை வேலை

மறுநாள் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு செட்டிங்ஸைத் திறந்தேன். இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு 'அலவ்' தட்டியதற்குப் பரிகாரமாக ஒவ்வொன்றையும் நிறுத்திப் படித்தேன். புரியாத இடத்தில் அதையே தமிழில் தேடிப் படித்தேன்.

முதல் வேலையாக, கடை ஐடியை மற்ற மூன்று சிஸ்டத்திலிருந்தும் என் போனிலிருந்தும் வெளியே எடுத்தேன். என் சிஸ்டத்தில் மட்டும் இருக்கட்டும் என்று விட்டேன். அந்த ஐடியின் கணக்குக்குள் போனால் இத்தனை வருஷமாக யார் யார் எதைத் தேடினார்கள் என்று மூட்டை மூட்டையாகச் சேர்ந்து கிடந்தது. படிக்காமல் அழித்தேன். இந்த முறை நிஜமாகவே படிக்கவில்லை. தேடியதைச் சேர்த்து வைக்காதே, ஆளுக்குத் தகுந்த விளம்பரம் காட்டாதே என்று அங்கேயே இரண்டு சுவிட்ச் இருக்கின்றன. அணைத்தேன். அதற்குக் காசு பணம் எதுவும் இல்லை. தேடிப் போய்த் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது குக்கீ. ஒரு வெப்சைட்டுக்குப் போனால் அது நம் பிரவுசரில் ஒரு சீட்டு ஒட்டிவிடும். அடுத்த வெப்சைட்டில் இருக்கும் விளம்பரக்காரன் அந்தச் சீட்டைப் பார்த்து, இவர் எங்கிருந்து வருகிறார் என்று தெரிந்துகொள்வான். நாம் போன வெப்சைட் ஒட்டுகிற சீட்டு இல்லாமல் சில இடத்தில் வேலை நடக்காது. நடுவில் வேறு ஆள் ஒட்டுகிற சீட்டு நமக்கு எதற்கு? 'தேர்ட் பார்ட்டி குக்கீ' என்று இருக்கும். அதை பிளாக் செய்தேன். பின்தொடர்கிற விளம்பரங்களைத் தடுக்கிற ஒரு எக்ஸ்டென்ஷனையும் என் சிஸ்டத்தில் ஏற்றினேன்.

கஸ்டமர் உட்காருகிற மூன்று சிஸ்டத்திலும் பிரவுசரைத் தொட்டால் கெஸ்ட் விண்டோதான் திறக்கும்படி வைத்தேன். ஒருவர் எழுந்து போகும்போது அதை மூடினால் அவர் பார்த்தது, அடித்தது, லாகின் செய்தது எல்லாம் அதோடு போய்விடும். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கெஸ்ட் விண்டோவில் போனால் உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைக்கக் கூடாது. நாம் போகிற வெப்சைட்டுக்குத் தெரியும், நெட் கனெக்ஷன் கொடுக்கிறவனுக்கும் ஓரளவு தெரியும். நமக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்குத் தெரியாது. கடைக்காரிக்கும் தெரியாது. நான் செய்ய முடிந்தது அவ்வளவு. அதையாவது செய்தேன்.

லாங் சைஸ் நோட்டுதான் ஆகக் கஷ்டமான வேலை. பக்கம் பக்கமாகக் கத்தரித்து, வருகிறவர்களிடம் அவரவர் துண்டைக் கொடுத்து, "வீட்டுக்குப் போய் பாஸ்வேர்ட மாத்திக்குங்க" என்றேன். செங்கம் ரோட்டிலிருந்து பென்ஷன் வேலையாக வரும் பெரியவர் ஒருவர், "நீயே வெச்சுக்கம்மா, நான் தொலைச்சுடுவேன்" என்று கெஞ்சினார். முடியாது என்றேன். அவர் மகள் போன் நம்பரை வாங்கி, அவளை வரவழைத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் விட்டேன்.

நஷ்டம் இல்லாமல் இல்லை. ஒரு எழுத்தில் நிரம்பிய ஃபார்மை இப்போது முழுக்க அடிக்க வேண்டியிருந்தது. "இன்னாக்கா, முன்ன மாதிரி ஸ்பீடு இல்ல, எதிர்க் கடையில சீக்கிரம் முடியுது" என்று இரண்டு மூன்று பேர் எழுந்து போனார்கள். போகட்டும் என்று விட்டேன். ஆனால் வேறு சிலர் புதிதாக வந்தார்கள். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்குகிறவர்கள், பேங்க் வேலைக்கு அப்ளிகேஷன் போடுவதை வீட்டில் சொல்லாத மருமகள்கள். கடையைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

என் போனிலிருந்து அந்தக் கை போய்விட்டது. வீட்டுக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "இப்ப புடவை விளம்பரம்தான் வருது. அப்ப அது யாருது?" என்றார். எந்த விஷயத்தையும் அவரிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

"யாருதோ. எனக்குத் தெரியாது" என்றேன்.

"சரி, வேண்டிக்கினது வேண்டிக்கினதுதான். அந்த யாரோவுக்காகச் சுத்திட்டு வர்றேன்" என்றார். அந்தப் பவுர்ணமிக்கே ஆரம்பித்துவிட்டார். முட்டி வலியோடு ஒரு மனுஷன் பேர் தெரியாத ஒருவருக்காகப் பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறார். எனக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த ஆசை, கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

6. மூணாம் நம்பரில் இரண்டு நாற்காலி

தேவகி வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஒரு மாதம் ஓடிவிட்டது. முரளியும் வரவில்லை. பிரிண்டர் கவ்விய அந்தப் பாதிப் பேப்பரை மேஜை டிராயரில் வைத்திருந்தேன். கல்யாணம் நின்றுவிட்டதா என்று அடி அண்ணாமலைக்காரர்கள் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். தினம் நாலு பேர் அந்த ஊரிலிருந்து வருகிறார்கள். நாக்கு நுனிவரைக்கும் வரும். பல்லைக் கடித்துக்கொள்வேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

ஒரு புதன்கிழமை மதியம் வெளியே பைக் நின்ற சத்தம் கேட்டது. முரளி முதலில் வந்தான். பின்னால் தேவகி.

"அக்கா, மூணாவது காலியா?" என்றான் அதே குரலில்.

காலிதான். இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டேன். கெஸ்ட் விண்டோவைத் திறந்தேன்.

"முடிஞ்சதும் மேல இருக்கற இந்த எக்ஸ் குறிய அமுக்குங்க. நீங்க பாத்தது எதுவும் இங்க நிக்காது" என்று, எந்தக் கஸ்டமருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன். தேவகி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் திரும்பி என் மேஜைக்கு வந்துவிட்டேன்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். தலையோடு தலை வைத்து ஏதோ படித்தார்கள். முரளி ஒரு பேப்பரில் குறித்துக்கொண்டான். ஒரு தடவை அவள் சிரித்த சத்தம் கேட்டது. எனக்கு முதுகு பூராவும் காது. ஆனாலும் யாரோ ஒருவருடைய சாதிச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு காப்பி கேட்டவருக்கு ஐந்து எடுத்துவிட்டேன்.

எழுந்து வந்தார்கள். முரளி காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுக்கப் போனான். தேவகி படியில் இறங்கியவள் நின்றாள். திரும்பி இரண்டு எட்டு வந்து, மேஜை மேல் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நானே சொல்லிட்டேன்க்கா."

எப்போது சொன்னாள், எப்படிச் சொன்னாள், அவன் என்ன சொன்னான் என்று ஆயிரம் கேள்வி என் வாயில் வந்து நின்றது. அவள் முகம் நன்றாக இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"சரிம்மா" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.